விளிம்புக்கு இந்தப் பக்கம்!

2022 பிப்ரவரியில் கேரளத்தின் மலம்புழா மலையில் நடந்த மீட்பு வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. பாறை இடுக்கில் 40 மணி நேரத்துக்கும் மேல் சிக்கிக்கிடந்த இளைஞரை, கயிற்றில் இறங்கிய ராணுவ வீரர் தன்னோடு சேர்த்துப் பிணைத்து மேலே கொண்டுவந்தார். நீலகிரியின் வெலிங்டனிலிருந்து போன மதராஸ் ரெஜிமென்ட்காரர்களும் அந்த மீட்பில் இருந்தார்கள். எல்லார் கண்ணும் பள்ளத்தில். எனக்கோ கேமராவை வாங்கி அப்படியே பின்பக்கம் திருப்ப வேண்டும்போல் இருந்தது! கயிற்றின் மறுமுனை எதில் கட்டியிருக்கிறது? யார் இழுக்கிறார்கள்? வழுக்கினால் எது பிடிக்கும்?

கயிற்று மீட்பின் உயர்நிலைப் பயிற்சி முழுக்க இந்த மறுமுனையைப் பற்றியதுதான். 'ரிக்கிங்' என்பார்கள். வாங்க, விளிம்புக்கு இந்தப் பக்கம் வந்து பார்ப்போம்.

தரையில் ஒரு தார்ப்பாய். அதன்மேல் கேரபினர்கள் என்னும் உலோகக் கொக்கிகள், கப்பிகள், வேறு வேறு நிறத்தில் இரண்டு கயிறுகள். அடிபட்டவர், கூட இறங்கும் மீட்பர், ஸ்ட்ரெச்சர் எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வைத்துக்கொள்கிறார்கள். கயிற்றை 'இசட்' மாதிரி மடக்கி இரண்டு கப்பி போட்டால், கணக்குப்படி 67 கிலோ இழுவையில் அந்தச் சுமை ஏறிவிடும். சுமை 1 மீட்டர் ஏற, 3 மீட்டர் கயிறு இழுக்கணும், அவ்வளவுதான். அந்த இசட்டை இன்னொரு இசட்டால் இழுத்தால் மூன்று மூன்றாய் ஒன்பது மடங்கு! ஆனால் உராய்வு சும்மா விடுமா? கப்பிக்குப் பதில் வெறும் கேரபினரை மாட்டினால் 'மூன்று மடங்கு' என்பது இரண்டைத் தொடுவதே கஷ்டம். இருப்பதில் நல்ல கப்பி ஒன்றுதான் என்றால் அதை எங்கே மாட்டுவது? இழுக்கிற கைகளுக்கு அடுத்து வரும் முதல் வளைவில். அங்கே மிச்சமாகும் விசை அடுத்த வளைவுக்கும் போய்ச் சேருகிறதே! இதைக் கேட்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது.

கிணற்றுக் கப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். வாளியின் எடை ஒரு பக்கம், நம் இழுப்பு மறுபக்கம். கப்பி தொங்கும் கட்டை இரண்டையும் சேர்த்துத் தாங்குகிறது. மலையிலும் இதே கதைதான். இழுக்கும் திசையை முழுசாகத் திருப்பிவிட்டால், கப்பியைப் பிடித்திருக்கும் ஆங்கருக்கு, அதாவது அதைக் கட்டிய மரத்துக்கோ பாறைக்கோ, ஏறக்குறைய இரட்டைச் சுமை.

கோண விளையாட்டு இதைவிடப் பயங்கரம். இரண்டு ஆங்கர்களுக்கு நடுவே சுமை தொங்கும்போது, கயிறுகளுக்கிடையே 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமையில் 58 சதவீதம். 90 டிகிரி என்றால் 71. 120 டிகிரியில் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்குகிறது! 150-ல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பள்ளத்தாக்கின் குறுக்கே கயிறு கட்டும்போது, தொய்வே இல்லாமல் விறைப்பாக இழுப்பது எவ்வளவு பெரிய தப்பு என்பது இப்போது விளங்கும்.

வழுக்கினால் எது பிடிக்கும் என்று கேட்டேனே, அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது புரூசிக். கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேற்றக்காரர் 1931-ல் எழுதிவைத்த முடிச்சு. 8 மி.மீ. கயிற்று வளையம் ஒன்றைத் தடித்த கயிற்றின்மேல் மூன்று சுற்று சுற்றுகிறார்கள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. சுமை விழுந்ததும் கப்பென்று கவ்விக்கொள்கிறது. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பெரிய வீழ்ச்சியில் கொஞ்சம் வழுக்கித்தான் நிற்கும். அந்தச் சூட்டில் நூல் உருகி, கயிற்றில் பளபளவென்று ஒரு பட்டை விழுந்திருக்கும்.

எல்லாம் கட்டி முடித்ததும் வருகிறது விசில் பரீட்சை. இப்போது ஒரு விசில் ஊதினால், அத்தனை பேரும் அந்த நொடியே கையை விட்டுவிட்டால், என்ன ஆகும்? ஆள் கீழே போவார் என்றால் அமைப்பு ஃபெயில். குளவி கொட்டலாம், கல் உருண்டு வரலாம், இழுப்பவர் மயங்கி விழலாம். மனிதக் கை விட்டுப்போகும் என்பதை முன்பே ஒத்துக்கொண்டு கட்டுவது எவ்வளவு பெரிய அக்கறை!

இரண்டு கயிறுகளில் ஒன்று சுமை தாங்கும், மற்றது காவலுக்குக் கூடவே வரும் என்பதுதான் நெடுநாள் வழக்கம். கனடாவின் கர்க் மௌத்னர் போன்றவர்கள் செய்த சோதனைகளுக்குப் பிறகு, இரண்டையும் விறைப்பாக வைத்துச் சுமையைப் பகிரும் முறைக்குப் பல குழுக்கள் மாறிவிட்டன. தொய்ந்து கிடக்கும் கயிறு திடீரென்று இழுபட்டால் கூரான விளிம்பில் அறுபடும் வாய்ப்பு அதிகம். என் ஓட்டும் புது முறைக்கே. பழைய முறைக்காரர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள், நிற்கட்டும்.

அதே கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1980-களில் பிறந்த சோதனைதான் உச்சகட்டம். 200 கிலோ எடை, 3 மீட்டர் கயிறு. 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறார்கள். அடுத்த 1 மீட்டருக்குள் காவல் கயிற்றின் முடிச்சு அதை நிறுத்தியாக வேண்டும். அதிர்ச்சி 15 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் ஒன்றரை டன். எண்ணி முடித்ததும் 'டமார்'! ஆங்கர் கட்டிய மரம் குலுங்குகிறது, எல்லாரும் ஓடிப்போய் டேப்பால் அளக்கிறார்கள். அடுத்த முடிச்சையும் சோதிக்க வேண்டுமே, அந்த 200 கிலோவை மறுபடி மேலே ஏற்றுவது யார்? வேறு யார், அந்த ஒன்பது மடங்குக் கயிற்றைக் கட்டிய, பயிற்சிக்கு வந்த அதே ஆட்கள்தான். சுமை 1 மீட்டர் ஏற 9 மீட்டர் கயிறு. இழு, நிறுத்து, புரூசிக்கைத் தள்ளு, மறுபடி இழு!