ஷூ ரேக்கும் மூக்கும்

டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டா பகுதியில் ஷிவ் நாடார் பல்கலைக்கழகம் இருக்கிறது. (நிறுவனர் நம் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் என்பது உபரித் தகவல்.) அங்கே ஹாஸ்டல் வராந்தாவில், அறைக் கதவுகளுக்கு வெளியே ஷூக்கள் வரிசையாகக் கிடப்பதை இரண்டு பேர் கவனித்தார்கள். ஒருவர் வடிவமைப்புத் துறை உதவிப் பேராசிரியர் விகாஷ் குமார். இன்னொருவர் அவருடைய மாணவர் சார்த்தக் மித்தல். அறைக்குள் இடம் போதவில்லை போலிருக்கிறது, பார்க்க லட்சணமாக ஒரு ஷூ ரேக் செய்து கொடுத்தால் விஷயம் முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். விசாரித்துப் பார்த்தால் அறையில் இடமிருந்தது. ஷூவை வெளியே துரத்தியது நாற்றம்.

149 மாணவர்களிடம் கேட்டார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் ஷூவாலோ அடுத்தவர் ஷூவாலோ சங்கடப்பட்டதுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அநேகமாக எல்லோர் வீட்டிலும் ஷூ ரேக் இருந்தது. அதனால் நாற்றம் குறையவில்லை. ஷூவுக்குள் டீ பையைப் போட்டு வைப்பது, சமையல் சோடா தூவுவது, வாசனை ஸ்பிரே அடிப்பது என்று ஆளுக்கொரு கைவைத்தியம் செய்துபார்த்திருந்தார்கள். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2022இல் அச்சில் வந்தது. 2025 செப்டம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த விழாவில் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு 1991 முதல் கொடுத்துவரும் பரிசு அது. இவர்களுக்குக் கிடைத்தது பொறியியல் வடிவமைப்புப் பிரிவில்.

கால் நாற்றத்துக்கும் இக் நோபலுக்கும் பழைய உறவு உண்டு. 1992இல் ஜப்பானின் ஷிசெய்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு மருத்துவப் பிரிவில் பரிசு தரப்பட்டது. கால் நாற்றத்துக்குக் காரணமான வேதிப்பொருட்களை அவர்கள் பிரித்துக் காட்டியிருந்தார்கள். தன் கால் நாறுகிறது என்று நினைப்பவருக்கு உண்மையிலேயே நாறுகிறது, நாறவில்லை என்று நினைப்பவருக்கு நாறுவதில்லை என்ற முடிவைப் பரிசுக் குழு தனியாக எடுத்துச் சொல்லிப் பாராட்டியது. (ஹாஸ்டலில் இருந்தவர்கள் இந்த இரண்டாம் பாதியை ஏற்பார்களா என்பது சந்தேகம்தான்.) 2006இல் உயிரியல் பிரிவில் பரிசு பெற்றவர்கள் பார்ட் நோல்ஸ், ரூர்ட் டி யோங் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள். மலேரியாவைப் பரப்பும் பெண் அனாபிலிஸ் கொசு, மனிதக் காலின் வாடைக்கு எவ்வளவு ஈர்க்கப்படுகிறதோ அவ்வளவே லிம்பர்கர் என்ற சீஸின் வாடைக்கும் ஈர்க்கப்படுகிறது என்று காட்டினார்கள். அந்தச் சீஸின் மேல்தோலில் வளரும் பாக்டீரியாவும் நம் விரலிடுக்கில் குடியிருக்கும் பாக்டீரியாவும் நெருங்கிய உறவு என்பதால் இது தற்செயல் அல்ல.

வியர்வைக்கு என்று பெரிதாக வாடை கிடையாது. இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. அவை விடுவது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு, சிறிதளவு அமினோ அமிலம். தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா அதிலுள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலமாக மாற்றுகிறது. சீஸ் வாடை என்று நாம் முகம் சுளிப்பது அதைத்தான். கைடோகாக்கஸ் செடன்டேரியஸ் என்று இன்னொன்று உண்டு. பாதத்தின் தடித்த தோலிலுள்ள கெரட்டினைக் கரைக்கும் நொதிகளை அது சுரக்கும். அதன் வேலையால் சிலருக்குக் குதிகாலிலும் விரல்களுக்குக் கீழேயும் குண்டூசியால் குத்தினாற்போலக் குழிகள் விழும். கந்தகம் கலந்த வாயுக்களையும் அது வெளிவிடும் என்பதால் வாடை இன்னும் மோசமாகும். நொய்டா ஆய்வாளர்கள் குறிவைத்தது இந்த இரண்டாவது பேர்வழியை.

அவர்கள் எடுத்த ஆயுதம் புற ஊதா சி ஒளி. சூரியனிலிருந்து கிளம்பும் இந்த ஒளியை ஓசோன் படலம் வழியிலேயே மறித்துவிடுகிறது. மொட்டை மாடியில் ஷூவைக் காயப்போட்டால் வெயில்தான் கிடைக்கும், புற ஊதா சி கிடைக்காது. அதற்கு வழக்கமாகப் பாதரச ஆவி விளக்கு வேண்டும். அதிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் 254 நானோமீட்டர். டிஎன்ஏ மிக அதிகமாக உறிஞ்சுகிற அலைநீளமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. உறிஞ்சியதும் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய இழையைப் படியெடுக்க முடியாமல் பாக்டீரியா பெருகுவதை நிறுத்தி அழிகிறது. மருத்துவமனைகளும் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிகளும் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் உத்திதான் இது.

பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் போட்டுப் போட்டு ஊறிப்போன ஷூக்களை வாங்கி, பாக்டீரியா மண்டிக்கிடக்கும் விரல் பகுதியில் ஒளியைப் பாய்ச்சினார்கள். எத்தனை நிமிடத்தில் வாடை என்ன ஆனது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். தொடக்கத்தில் அழுகிய சீஸ் நெடி. இரண்டு நிமிடத்தில் அது வெகுவாகக் குறைந்து, லேசாக ரப்பர் கருகிய வாடை எட்டிப்பார்த்தது. நான்கு நிமிடத்தில் நாற்றம் போயே போய்விட்டது, ரப்பர் வாடை மட்டும் மிச்சம். பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் ஷூ சூடேறி, கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. ஆக, கிருமியை ஒழிக்க இரண்டு மூன்று நிமிடமே போதும், அதற்கு மேல் போனால் ஷூவுக்குத்தான் சேதம். இந்த விளக்கை உள்ளேயே பொருத்திய ஷூ ரேக் என்பதுதான் அவர்கள் முன்வைத்த வடிவம்.

எனக்கு இதில் பிடித்தது விளக்கைவிட அவர்கள் எழுப்பிய கேள்வி. ஷூ ரேக் என்றால் எத்தனை ஜோடி பிடிக்கும், எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதுதான் பெரும்பாலோருடைய கவலை. உள்ளே வைத்த ஷூவுக்கு என்ன ஆகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

விளக்குக்குச் சில வரம்புகள் உண்டு. புற ஊதா சி நேர்கோட்டில் மட்டும் போகும். துணியையோ தோலையோ ஊடுருவாது. ஷூவின் நாக்குப் பட்டைக்கு அடியில், உள்ளங்கால் அட்டைக்குக் கீழே நிழலில் பதுங்கிய பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. பூஞ்சைகளை ஒழிக்க இன்னும் அதிக நேரம் பிடிக்கும், அதற்குள் ரப்பர் கருகத் தொடங்கிவிடும். பாக்டீரியா செத்தாலும் அது ஏற்கெனவே உண்டாக்கிய அமிலம் துணியில் ஊறித்தான் இருக்கும், ஆவியாகிப் போகக் காற்று வேண்டும். மறுநாள் கால் உள்ளே போனதும் புதுக் கும்பல் குடியேறும். கண்ணில் பட்டால் கருவிழி வெந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தும் ஒளி என்பதால், கதவைத் திறந்த நொடியில் அணைந்துவிடும் ஸ்விட்ச் இல்லாமல் இதை வீட்டில் வைக்கவே கூடாது. பிரிட்ஜில் கதவைத் திறந்தால் விளக்கு எரியும். இங்கே அதற்கு நேர் எதிர்.

அதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஒளி கிருமியைக் கொல்லும், ஈரத்தை அகற்றாது. ஈரம் இருக்கும்வரை பாக்டீரியாவுக்கு விருந்துதான். ஈரத்தைப் பொறுத்தவரை இன்று கடைகளில் அதிகம் விற்கும் ஷூ ரேக்குகள் செய்வது நல்ல காரியமல்ல.

குறுகிய ஃபிளாட் வாசலுக்கென்று வந்த சாய்கதவு அலமாரியைப் பாருங்கள். கைப்பிடியை இழுத்தால் பலகை முன்பக்கம் சாயும், ஷூக்கள் மூக்கு கீழாக நிற்கும். இடத்தை மிச்சப்படுத்துவதில் இது கெட்டிக்கார வடிவம்தான். 30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட ஷூவைப் படுக்க வைத்தால் 30 செ.மீ. ஆழம் வேண்டும். அதையே 75 டிகிரி நிமிர்த்தினால் சுமார் 17 செ.மீ. போதும். இவ்வகை அலமாரிகள் 18 செ.மீ. ஆழத்தில்கூட விற்பதன் ரகசியம் இதுதான். சுவரில் திருகாமல் நிறுத்தினால் மட்டும் ஆபத்து. பலகைகளைத் திறக்கத் திறக்க எடை முன்னால் வரும், ஈர்ப்பு மையம் அந்த ஒடுங்கிய அடிப்பாகத்தைத் தாண்டியதும் முழு அலமாரியும் கவிழும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டு திருகாணிக்குச் சோம்பல்படக் கூடாது.

இன்னொரு சிக்கனம் பணச் செலவே இல்லாதது. ஷூவின் முன்பாதம் பத்துப் பதினொரு செ.மீ. அகலம், குதிகால் ஏழெட்டு. ஜோடியில் ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் வைத்தால் ஜோடிக்கு இரண்டு மூன்று செ.மீ. மிச்சமாகும். ஒரு தட்டில் ஆறு ஜோடி இருந்தால் ஏழாவதுக்கு ஏறக்குறைய இடம் கிடைத்துவிடும். சுழலும் வட்ட ஸ்டாண்டுகளில் குதிகாலை மையத்தை நோக்கி வைத்தால் அதிகம் கொள்வதற்கும் இந்த வடிவமே காரணம்.

இந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் நெருக்கி அடைப்பதில்தான். அடைத்ததும் என்ன நடக்கும்? 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 90 செ.மீ. உயரத்தில் இடுக்கில்லாமல் மூடிய பிளைவுட் அலமாரி ஒன்று இருக்கட்டும். உள்ளே இருப்பது 162 லிட்டர் காற்று. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அப்படியானால் இந்த அலமாரிக் காற்றின் மொத்தக் கொள்ளளவே ஐந்து கிராமுக்குள். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரப்பதம் 70 சதவீதம் இருப்பது சாதாரணம் என்பதால், மூன்றரை கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சம் இடம் ஒன்றரை கிராமுக்கு. காலையிலிருந்து மாலைவரை போட்டுக் கழற்றிய ஒரு ஜோடி ஷூ அதைச் சீக்கிரமே நிரப்பிவிடும். அதற்கு மேல் ஒரு சொட்டும் காயாது. வீட்டில் நான்கு பேர், நான்கு ஜோடி என்றால் கேட்கவே வேண்டாம். மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூசணம் பூப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குளிர்நாடுகளில் இந்த ஈரத்தோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் நல்ல வடிவங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கிராமத்து வீடுகளில் ரப்பர் பூட்ஸைத் தலைகீழாக மாட்டிவைக்க நிமிர்ந்த மரக்குச்சிகள் கொண்ட ஸ்டாண்டு இருக்கும். தண்ணீர் வடியும், பூச்சியும் உள்ளே போகாது. பனிச்சறுக்கு விடுதிகளில் அதே குச்சிக்குப் பதில் குழாய். அடியிலுள்ள சின்ன விசிறியும் ஹீட்டரும் வெதுவெதுப்பான காற்றைக் குழாய் வழியே விரல் முனைவரை தள்ளும். கடைசியில் காய்கிற இடம் எதுவோ அங்கே முதலில் காற்றைக் கொண்டுபோவதுதான் அதன் சூட்சுமம். விளக்கை வைத்த நொய்டா ரேக்கும் இந்தக் குழாயும் சேர்ந்தால் இரண்டின் குறையும் தீரும் என்பது என் எண்ணம். விரல் முனைவரை போகும் குச்சியின் நுனியில், பாதரசம் இல்லாத சின்ன புற ஊதா எல்இடி ஒன்றைப் பதித்து, அதே குச்சிக்குள் காற்றையும் ஊதினால் நிழல் பிரச்சினையும் பெருமளவு குறையும்.

வெதுவெதுப்பு என்றால் கொதிக்கும் சூடு வேண்டாம். 70 சதவீத ஈரப்பதமுள்ள 30 டிகிரிக் காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினாலே அதன் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீராவி அளவு அப்படியேதான் இருக்கும், தாங்கும் சக்திதான் கூடுகிறது. அதற்கு மேல் சூடேற்றினால் ஒட்டுப் பசை இளகும், ஈவிஏ என்ற நுரைப் பொருளாலான அடிப்பாகம் சுருங்கும். பங்குனி வெயிலில் காருக்குள் ஷூவை விட்டுவிட்டு அடிப்பாகம் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஹீட்டர், விசிறி எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. கார்பெண்டரிடம் ஷூ ரேக் செய்யச் சொல்லும்போது தட்டுகளைப் பலகையாக இல்லாமல் இடைவெளிவிட்ட சட்டங்களாகப் போடச் சொல்லுங்கள். கதவின் அடியில் ஒரு வரிசை ஓட்டை, உச்சியில் ஒரு வரிசை. முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மாலையில் கழற்றிய ஷூவை உடனே உள்ளே தள்ளாமல் ராத்திரி முழுக்க வெளியே விட்டுவிட்டு, காலையில் அலமாரிக்கு மாற்றலாம். நனைந்திருந்தால் உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்ற வேண்டும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது நல்லது. ஓட்டை போட்டால் மைக்காவின் அழகு கெடும் என்று கார்பெண்டர் முணுமுணுப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.