கண்ணகி மூட்டிய தீ கேட்கும் நீதி

வைகாசி மாதத்தில், முல்லைத்தீவு நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடிப் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். அவர்கள் வணங்கும் தெய்வத்தின் கதையோ மிகவும் கொடூரமானது. கணவன் அநியாயமாகக் கொலையுண்டதால் சினங்கொண்ட பெண்ணொருத்தி தன் இடது மார்பைத் திருகி எறிகிறாள்; மதுரை நகர் பற்றி எரிகிறது. இத்தகைய காட்சியை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருவது ஏன்?

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியரான டிஷியன், 1576இல் மறைவதற்கு முந்திய ஆண்டுகளில், கிரேக்கப் புராணத்து மார்சியாஸ் உயிரோடு தோலுரிக்கப்படும் காட்சியை வரைந்தார். இசைப் போட்டியில் அப்பலோ தேவனிடம் தோற்றதற்கான தண்டனை அது. ஓவியத்தில் மார்சியாஸ் தலைகீழாகத் தொங்குகிறான். ஒருபுறம் இசை ஒலிக்கிறது. சிறு நாயொன்று குருதியை நக்குகிறது. அருகே மைடாஸ் மன்னன் முகத்தில் கைவைத்துச் சிந்தனையில் அமர்ந்திருக்கிறான். அம்முகம் ஓவியருடையதே என்று அறிஞர் பலர் கருதுவர். குற்றத்தை மிஞ்சிய தண்டனையைப் பார்த்திருப்பவனின் பொறுப்பு யாது என்பதே அவ்வோவியம் எழுப்பும் வினா எனலாம்.

சிலப்பதிகாரம் அவ்வினாவுக்கு விடையும் கூறுகிறது. கண்ணகி சிலம்பை உடைக்க, மாணிக்கப் பரல் தெறிக்கிறது. தன் தீர்ப்புப் பிழையென உணர்ந்த பாண்டியன் அக்கணமே உயிர் துறக்கிறான். ஆகவே, இக்கதையின் மையம் தீ அன்று. விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்பே ஆகும். அத்தீயும் அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீயோரையே பற்றுமாறு ஏவப்படுகிறது. கண்ணகியை வழிபடாது இலக்கியமாக மட்டும் வாசிப்போருக்கும் இந்நீதி பொதுவானதே.

ஆனால், போரின் தீ அவ்வாறு பிரித்தறிவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது குற்றமற்றோரே வீடிழந்தனர். 2009இல் முள்ளிவாய்க்காலில் முதியோரும் குழந்தைகளும் மாண்டனர்.

வன்னி மரபு, கதையை எரிவுடன் முடிப்பதில்லை. மதுரையை எரித்த கண்ணகி மூதாட்டியாக நந்திக்கடலோரம் வந்தாள் என்றும், மேய்ச்சற் சிறுவர்கள் அவளுக்குப் பொங்கிப் படைத்தனர் என்றும், எண்ணெய் இல்லாதபோது கடல்நீரில் விளக்கு எரிந்தது என்றும் ஐதிகம் கூறுகிறது. இன்றும் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலிலிருந்து நீர் எடுத்து வரப்பட்டு, முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றப்படுகிறது. மட்டக்களப்பிலோ கண்ணகியின் சினத்தைத் தணிப்பதற்கெனக் குளிர்த்திச் சடங்கு நடைபெறுகிறது.

சினம் தணிவது வேறு, மறப்பது வேறு. 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். சிலம்பைப் போலவே அப்படங்களும் அதிகாரத்தின் முன் வைக்கப்பட்ட சான்றுகளாகும். பாண்டியன் உயிர் துறந்தான். இங்கு எவரும் உயிர் துறக்க வேண்டியதில்லை. கேட்டவருக்கு உண்மையைக் கூறினாலே போதும்.