கனியை அறிதல், மரத்தைக் காத்தல்

நுழையும்முன்

கனியைச் சுவைத்தபின் அதன் விதையை எறிந்துவிடுகிறோம். அவ்விதையை ஊன்றினால் அதே கனி கிடைக்குமா? அதனை ஈன்ற மரம் வீழ்ந்துவிட்டால் அக்கனியை மீண்டும் பெற இயலுமா? இவ்வினாக்களை எழுப்புவோர் சிலரே. வெப்பமண்டலத்து அரிய கனிகளை இனங்கண்டு வளர்க்கும் பொழுதுபோக்கு இவ்வினாக்களிலிருந்தே தொடங்குகிறது.

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனத் தாவரங்களின் பெயராலேயே பகுத்தறிந்தவர்கள் தமிழர்கள். மரத்தையும் மலரையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் நம் மரபில் ஊறியது. ஆயினும், இன்று நாம் பெயர் சொல்லி அறியும் கனிகள் கடைகளில் அடுக்கிவைக்கப்படும் சிலவே. குற்றாலத்தில் சாரல் பொழியும் காலத்தில் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவிந்திருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைச்சாலையில் அமைந்துள்ள கல்லாறு, பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் மங்குஸ்தான், துரியன் முதலிய மரங்கள் வளர்ந்து கனி தருகின்றன. இத்தகைய கனிகளைத் தேடிச் சென்று பார்ப்பதும், அவற்றின் மரங்களை அடையாளம் காண்பதும், இயன்றவற்றைத் தம் தோட்டத்தில் வளர்ப்பதும் உலகின் பல நாடுகளில் ஆர்வலர்களின் பொழுதுபோக்காக விளங்குகின்றன.

பெயரில் தொடங்கும் அறிவு

ஒரு கனியை அறிவதன் முதற்படி, அதன் பெயரை ஐயமின்றி அறிவது. வழக்குப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுபடும். ஒரே பெயர் வெவ்வேறு மரங்களைக் குறிப்பதும் உண்டு. சீத்தா என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். சீத்தா, ராம்சீத்தா, முள்சீத்தா ஆகிய மூன்றும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால், வெவ்வேறு சிற்றினங்கள். சீத்தாவின் தாவரவியல் பெயர் அனோனா ஸ்குவாமோசா. ‘ஸ்குவாமோசா’ என்றால் செதில் உடையது என்று பொருள். அதன் மேற்புறம் புடைத்த கண்களாக இருப்பதும், கனிந்தபின் அவை தனித்தனியே பிரிவதும் நாம் அறிந்ததே. ராம்சீத்தா, அனோனா ரெடிகுலேட்டா எனப்படும். ‘ரெடிகுலேட்டா’ என்பது வலைப்பின்னல் கொண்டது எனப் பொருள்படும். வழவழப்பான அதன் தோலில் வலை போன்ற கோடுகளைக் காணலாம். முள்சீத்தாவாகிய அனோனா மியூரிகேட்டாவின் பெயர், கூரிய புடைப்புகளால் சொரசொரப்பானது என்பதை உணர்த்துகிறது. அதன் தோலெங்கும் மென்முட்கள் உள்ளன.

சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின்வழி, பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என்னும் இருசொற்பெயர் முறை தாவர உலகில் நிலைபெற்றது. இப்பெயர்களை மனப்பாடச் சுமையாகக் கருத வேண்டியதில்லை. மேற்கண்ட மூன்று பெயர்களும் கனியின் தோற்றத்தைச் சொல்லும் சுருக்கக் குறிப்புகளாகவே அமைந்துள்ளன.

இனங்காணும் முறை

கனி ஆண்டில் சில வாரங்களே மரத்தில் இருக்கும். எனவே, கனி இல்லாத காலத்திலும் மரத்தை அறியப் பழகுதல் வேண்டும். முதலில் இலையடுக்கத்தைக் காண வேண்டும். சீத்தாவில் இலைகள் மாறிமாறி அமைந்திருக்கும். மங்குஸ்தானிலும் நாவலிலும் எதிரெதிரே அமைந்திருக்கும். அடுத்து, இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். நாவல், கொய்யா ஆகியவற்றின் இலைகள் தமக்கே உரிய மணத்தைத் தரும். பின்னர், காம்பைக் கிள்ளிப் பால் வடிகிறதா எனக் காண வேண்டும். பலாவிலும் சப்போட்டாவிலும் வெண்ணிறப் பால் வடியும். மங்குஸ்தானில் வடிவது மஞ்சள் நிறப் பால். பூ எங்கே தோன்றுகிறது என்பதும் முதன்மையான அடையாளம். மாவில் கிளை நுனியில் பூங்கொத்து தோன்றும். பலா அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்க்கும்.

கனியிலும் நுண்ணிய அடையாளங்கள் உண்டு. மங்குஸ்தான் பழத்தின் அடிப்புறத்தில் சிறு பூவைப் போன்ற ஒரு முத்திரை காணப்படும். அது பூவாக இருந்த காலத்துச் சூலகமுடியின் எச்சம். அதன் இதழ்களை எண்ணினால், பழத்தை உடைக்காமலேயே உள்ளிருக்கும் சுளைகளின் எண்ணிக்கையைக் கூறிவிடலாம்.

இனங்காண்பதில் ஒரு விதியை மறத்தலாகாது. அறியாத கனியைச் சுவைத்து அறிய முற்படக் கூடாது. எட்டி மரத்தின் பழம் செம்மஞ்சள் நிறத்தில் கண்ணைக் கவரும். ஆனால், அதன் விதை கொடிய நஞ்சு. எட்டி பழுத்தும் பயனில்லை என்னும் வழக்கு இவ்வறிவிலிருந்து பிறந்ததே. உண்ணத்தக்க கனியிலும் உண்ணத்தகாத பகுதி இருக்கலாம். சீத்தாவின் சதை இனியது. அதன் விதைத்தூள் கண்ணில் பட்டால் கடும் புண்ணை உண்டாக்கும்.

உறங்காத விதைகள்

நெல், கேழ்வரகு, அவரை ஆகியவற்றின் விதைகளை உலர்த்திக் குதிரிலும் பானையிலும் சேமித்து அடுத்த பருவத்திற்கு வைத்துக்கொள்வது நம் உழவர் வழக்கம். உலர்ந்த விதை உறங்குகிறது. நீர் பட்டதும் விழிக்கிறது. இந்த இயல்பைப் பயன்படுத்தியே நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008ஆம் ஆண்டு உலக விதைப் பெட்டகம் திறக்கப்பட்டது. அங்கே மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் உலகப் பயிர்களின் விதைகள் பாதுகாக்கப்படுகின்றன.

ஆனால், ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுவதும் நிலவும் காடுகளில் தோன்றிய பல மரங்களின் விதைகளுக்கு உறங்கத் தெரியாது. மரத்திலிருந்து விழுந்த உடனே முளைப்பதே அவற்றின் இயல்பு. அவற்றை உலர்த்தினால் கரு மடிந்துவிடும். உறைகுளிரில் வைத்தாலும் மடிந்துவிடும். மா, பலா, மங்குஸ்தான், துரியன், ரம்புத்தான் ஆகியன இவ்வகையின. ஆங்கிலேய அறிஞர் இ. எச். ராபர்ட்ஸ் 1973ஆம் ஆண்டு, உலர்த்திச் சேமிக்கத்தக்க விதைகள், அவ்வாறு சேமிக்க இயலாத விதைகள் என இவ்விருவகையைப் பகுத்துக் காட்டினார்.

நம் முக்கனிகளை இவ்வகையில் எண்ணிப் பார்ப்போம். மாவின் விதையும் பலாவின் விதையும் உலர்த்தலைத் தாங்கா. நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதையே இல்லை. ஆகவே, நாம் போற்றும் முக்கனிகளுள் ஒன்றையும் விதைப் பெட்டகத்தில் வைத்துக் காக்க இயலாது! தளிர்நுனிகளையும் கருக்களையும் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காக்கும் முறைகள் ஆய்வகங்களில் உருவாகியுள்ளன; எனினும், அவை செலவும் நுட்பமும் மிகுந்தவை. இத்தகைய கனிகளுக்கு உறுதியான பெட்டகம், மண்ணில் வேரூன்றி நிற்கும் உயிருள்ள மரமே.

தாயைப் போல் இல்லாத பிள்ளை

விதையைக் காக்க இயலாவிட்டாலும், அதனை உடனே ஊன்றி மரத்தைப் பெருக்கலாம் அல்லவா? இங்கே மற்றொரு தடை எழுகிறது. இந்திய மா வகைகளுள் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே கரு உள்ளது. அது தாய்மரம், மகரந்தம் தந்த மரம் ஆகிய இரண்டின் கலப்பால் உருவாவது. எனவே, இனிய மாங்கனியின் கொட்டையை ஊன்றினாலும் அதே இனிமை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கொட்டையிலிருந்து வளர்ந்த அத்தகைய மாமரம் ஒவ்வொன்றும் உலகில் வேறெங்கும் இல்லாத தனி மரம். மங்குஸ்தானில் இதற்கு மாறான நிலை காணப்படுகிறது. அதன் விதை கருவுறுதல் இன்றியே தாயின் திசுவிலிருந்து உருவாவதால், பிள்ளைமரம் தாயை ஒத்திருக்கும்.

தாய்மரத்தின் பண்பு மாறாமல் பெருக்க மனிதர் கண்ட வழியே ஒட்டுக்கட்டுதல். இதில், நாற்றாக வளர்ந்த வேர்ச்செடியின் தண்டுடன் விரும்பிய மரத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டுவர். இரண்டின் வளர்திசுக்களும் இணைந்து ஒரே செடியாகும். சப்போட்டாவை ஒட்டுக்கட்ட நம் நாட்டில் வேர்ச்செடியாகப் பயன்படுவது பாலை மரம். வறண்ட காடுகளில் மஞ்சள் நிறச் சிறுகனிகளைத் தரும் பாலையை இன்று அறிந்தோர் சிலரே. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட சப்போட்டாவைத் தாங்கி நிற்பது, நாம் மறந்துவிட்ட நம் மண்ணின் மரம்!

வளர்க்கும் முறை

மங்குஸ்தான் போன்ற உறங்காத விதைகளைச் சதை நீங்கக் கழுவி, வெயிலில் காயவிடாமல், சில நாள்களுக்குள் ஊன்ற வேண்டும். மணலும் மட்கிய எருவும் கலந்த ஆழமான பை அதன் ஆணிவேருக்கு ஏற்றது. இளஞ்செடிக்கு நிழலும் இடையறாத ஈரமும் தேவை. கனிக்காக ஏறத்தாழ ஏழு முதல் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ காத்திருக்க வேண்டும். சமவெளியின் வறண்ட செம்மண் பகுதியில் வாழ்வோர் சீத்தாவிலிருந்து தொடங்கலாம். அது வறட்சியைத் தாங்கும். சில ஆண்டுகளிலேயே கனி தரும்.

சீத்தா நன்கு பூத்தும் காய்க்கவில்லை எனப் பலர் வருந்துவர். அதன் பூவில் முதலில் சூலகமுடி முதிர்ந்து மகரந்தத்தை ஏற்கும். பின்னரே அப்பூவின் மகரந்தம் வெளிப்படும். ஆகவே, ஒரு பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறுவது அரிது. சிறுவண்டுகளே மகரந்தத்தைக் கொண்டுசெல்கின்றன. அவை குறைந்த இடத்தில், முழுதும் மலர்ந்த பூவின் மகரந்தத்தை மென்தூரிகையால் எடுத்து, சற்றே இதழ்விரிந்த பூவின் சூலகமுடியில் தடவினால் காய் பிடிக்கும்.

ஆர்வம் எல்லை மீறலாகாது. அயல்நாட்டிலிருந்து விதையையோ செடியையோ உரிய அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றம். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. அது பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றையும் தாக்கியது. ஓர் அயல் உயிரி உழவர்களுக்கு எத்தகைய இழப்பை உண்டாக்கும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

ஒரு கொல்லைப்புற மரத்தின் வரலாறு

தனிமனிதர் ஒருவரின் தோட்டத்து மரத்தால் என்ன ஆகிவிடும் என எண்ணுவோருக்கு ஒரு வரலாறு உண்டு. 1889ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்துறை, இந்தியாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளை வரவழைத்து ஃபுளோரிடாவில் நடச்செய்தது. 1894-95ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் கடும் உறைபனியில் அவை மடிந்தன. எல்பிரிட்ஜ் கேல் என்னும் ஓய்வுபெற்ற பேராசிரியரின் தோட்டத்தில் நின்ற ஒரு மரம் மட்டும் பிழைத்தது. ‘மல்கோபா’ எனப் பெயர் பெற்ற அம்மரத்தின் கொட்டைகளை 1902ஆம் ஆண்டில் ஜான் ஹேடன் என்னும் ஓய்வுபெற்ற படை அலுவலர் தம் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர்தம் மனைவி ஃபுளோரன்ஸ் கன்றுகளைப் பேணினார். 1910இல் அவற்றுள் ஒன்று செம்மை படர்ந்த அழகிய கனிகளை ஈன்றது. அதுவே ‘ஹேடன்’ மா. இன்று உலக மாம்பழ வணிகத்தில் பேரிடம் வகிக்கும் ‘டாமி அட்கின்ஸ்’ அதன் வழித்தோன்றல். கேலின் தோட்டத்து மரமும் அப்பனியில் பட்டிருந்தால் இந்த வரலாறு நிகழ்ந்திருக்காது.

நம் தெருவின் அரிய கனி

அரிய கனி என்றதும் நம் மனம் கடல் கடந்து செல்கிறது. ஆனால், வாய்க்கால் கரையிலும் பள்ளி வளாகத்திலும் யாரோ எறிந்த கொட்டையிலிருந்து முளைத்து நிற்கும் பெயரில்லா மாமரத்தை எண்ணிப் பாருங்கள். ஊறுகாய்க்கு அந்த மரத்துக் காய்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கும் பாட்டிமார் இன்றும் உண்டு. கல்லாற்று மங்குஸ்தானுக்கு அதனை ஒத்த உறவுமரங்கள் பல உள்ளன. இந்த மாமரத்திற்கோ உலகில் இணை இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது அதனை வெட்டினால், அச்சுவை அன்றோடு அழியும். அதன் விதையை எந்தப் பெட்டகமும் காத்து வைத்திருக்கவில்லை.

அதனைக் காக்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை. பென்சில் பருமனுள்ள முதிர்ந்த குச்சி ஒன்றும், கொட்டையிலிருந்து வளர்ந்த நாற்று ஒன்றும், ஒட்டுக்கட்டத் தெரிந்த கையும் போதும். அதனோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். மரம் நின்ற இடம், ஊரார் வழங்கும் பெயர், பூக்கும் மாதம், கனியின் எடை, நிறம், சுவை, குச்சி எடுத்த நாள் ஆகியவற்றை அதில் எழுதிவைக்க வேண்டும். குறிப்பில்லாத மரம் அடுத்த தலைமுறைக்கு வெறும் மாமரமாகவே தோன்றும். ஒட்டுக்கன்றுகளை ஒரே தோட்டத்தில் வைக்காமல் இருவர் மூவரிடம் பகிர்ந்தளிப்பதும் இன்றியமையாதது. ஒரு தோட்டத்தில் மரம் பட்டாலும் மற்றொன்றில் அது வாழும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பழைமையான கனிமரம் ஒன்றினைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, அதன் இலை, பூ, கனி, விதை ஆகியவற்றின் அடையாளங்களைக் குறிப்பேட்டில் பதிவு செய்க.

2. சீத்தா, நாவல், பலா ஆகிய பெயர்களைத் தாங்கி வழங்கும் வெவ்வேறு மரங்களின் வழக்குப் பெயர்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. அருகிலுள்ள நாற்றங்காலுக்குச் சென்று ஒட்டுக்கட்டும் முறையைக் கண்டு, அதன் படிநிலைகளை ஒரு பக்க அளவில் எழுதுக.