ஆண்டு முழுதும் பூக்கும் செடிகளும் நம் வீட்டுக் கொல்லையும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்த ஒரு நாள் மாலை, அங்கத்தினர் ஒருவரின் வீட்டுக் கொல்லையைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இடம் பெரிதன்று, பாய் நான்கை விரித்தால் நிரம்பிவிடும். அதில் நின்றவை ஐந்தே செடிகள். ஆயினும் அவ்வீட்டு அம்மையார், "பூவுக்கென்று காசு கொடுத்து ஆண்டுகள் பல ஆயின, ஐயா. தலைக்குக் கனகாம்பரம், சாமிக்கு நந்தியாவட்டை, இரண்டும் கொல்லையிலேயே கிடைத்துவிடுகின்றன" என்றார். அதே வரிசையில் நான்கு வீடு தள்ளி மற்றோர் அங்கத்தினர், சந்தையில் பூத்துக் குலுங்கிய நிலையில் வாங்கி வந்த பத்துப் பன்னிரண்டு தொட்டிச் செடிகளை நமக்குக் காட்டினார். வாங்கிய மாதத்தில் பூத்தவை அவை. பின்னர்ப் பாதி பட்டுப்போயின. எஞ்சியவை வெறும் இலையாக நின்றன. செலவிட்ட பணம் இவருக்கே அதிகம்.

இவ்விருவருக்கும் உள்ள வேற்றுமை கைராசியன்று; தேர்ந்தெடுத்த முறையே. சந்தையில் நாம் காண்பது ஒரு செடியின் ஒரு நாள். வீட்டிலோ அச்செடியுடன் 365 நாள் வாழ வேண்டும். நாளொன்றுக்கு ஒரு முழம் பூ வாங்கும் குடும்பம், ஆண்டில் 365 முழம் வாங்குகிறது. பண்டிகை நாட்களில் விலை என்ன ஏறுகிறது என்பதை நேயர்களுக்கு நாம் கூற வேண்டியதில்லை. ஆகையால், "இது அழகாக இருக்கிறதா?" என்று கேட்பதற்கு முன், "இது ஆண்டில் எத்தனை மாதம் பூக்கும்?" என்று கேட்பதே சிக்கனத்துக்கு உகந்தது.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். பல்லாண்டு உயிர்வாழும் செடி வேறு. பல மாதம் பூக்கும் செடி வேறு. மல்லிகை பல்லாண்டு வாழும். ஆனால் அதன் பருவம் பங்குனி தொட்டு ஆடி வரையிலேயே சிறந்தது. மார்கழிப் பனியில் அதனிடம் பூவை எதிர்பார்ப்பது வீண். டிசம்பர் பூவுக்கு அப்பெயரே அதன் பருவத்தைச் சொல்லிவிடுகிறது. சாமந்தியும் பொழுது குறுகும் காலத்தில்தான் மொட்டுக்கட்டும். தெருவிளக்கின் வெளிச்சம் இரவு முழுதும் விழும் இடத்தில் நட்ட சாமந்தி, பகல் இன்னும் நீண்டிருப்பதாகவே எண்ணிப் பூக்கத் தயங்கி நிற்பதுண்டு. இவற்றை நடவேண்டாம் என்பது நம் கருத்தன்று. கொல்லையின் முதல் இடத்தை இவற்றுக்குக் கொடுத்துவிடலாகாது என்பதே.

முதல் இடம் கனகாம்பரத்துக்கு உரியது. இது நம் நாட்டுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. நம் மண்ணும் வெயிலும் இதற்குப் புதியன அல்ல. பெருமழை மாதங்களில் சற்றுத் தளருமேயன்றி, மற்றக் காலங்களில் கதிருக்கு மேல் கதிராக விட்டுக்கொண்டே இருக்கும். மணம் இல்லை என்பது ஒரு குறைதான். ஆயினும் பறித்த பூ விரைவில் வாடுவதில்லை. தொடுத்தால் முழத்துக்குப் பாரமும் இல்லை. விதையிலிருந்து வளர்ப்போர், காய்ந்த காய்களின் மீது நீர் பட்டால் அவை படீரென வெடித்து விதையைச் சிதறடிக்கும் என்பதை அறிந்து, முன்னதாகவே காய்களைச் சேகரித்துக்கொள்ள வேண்டும். நாற்று இரண்டு மாத வயதானதும் இரண்டடிக்கு ஒன்றாக நடலாம். டெல்லிக் கனகாம்பரம் என்று வழங்கும் வகை விதை கட்டுவதில்லை. அதைத் தண்டு வெட்டி நட்டே பெருக்க வேண்டும். அதன் நிறம் கண்ணைக் கவரும். ஆனால் வாடல் நோய்க்கு அது எளிதில் இரையாகும்.

கனகாம்பரத்தின் பெரும் பகைவன் மண்ணில் வாழும் நூற்புழு. நூலைப் போன்ற வடிவத்தால் வந்த பெயர். நெசவாளர் வீட்டுக்கு வேண்டாத நூல் இது ஒன்றே! வேரை இது தாக்கினால் செடி காரணமின்றிக் குன்றுவதுபோல் தோன்றும். மடிந்த செடியின் இடத்திலேயே மற்றொரு கனகாம்பரத்தை நடுவது, புழுவுக்கு விருந்து வைப்பதாகும். அவ்விடத்தில் ஒரு போகம் துலுக்கச் சாமந்தியை விட்டுப் பின்னர் நடுதல் நலம். துலுக்கச் சாமந்தி வேரில் உள்ள ஒரு பொருள் நூற்புழுவுக்கு ஆகாது.

நந்தியாவட்டை பூசைக்கு உகந்த வெண்மலர். ஒற்றை, அடுக்கு என இரு வகையும் ஆண்டு முழுதும் பூக்கும். சற்று நிழலையும் பொறுக்கும். கிணற்றடியிலோ, முருங்கை மரத்தின் ஓரத்திலோ, வேறு செடி வராத இடத்தில் இதை வைக்கலாம். போத்து ஒன்றை ஒடித்து மழைக்காலத்தில் ஊன்றினாலே துளிர்த்துவிடும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

இட்லிப்பூ எனப்படும் வெட்சியும் மாதக் கணக்கில் கொத்துக் கொத்தாய் நிற்கும். ஆனால் புதிதாகக் கட்டிய வீட்டின் சுவரோரம் இதை நட்டவர்கள், இலை மஞ்சளித்துப் போகிறது என்று முறையிடுகிறார்கள். சுவரின் சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணில் கலந்து, இரும்புச் சத்தைச் செடி எடுத்துக்கொள்ள இயலாமற் செய்வதே இதற்குக் காரணம். கட்டட இடிபாடுகளை அகற்றி, நல்ல செம்மண்ணும் மக்கிய எருவும் இட்டு, சுவரை விட்டு மூன்றடி தள்ளி நட்டால் இம்முறையீடு எழாது.

நித்தியகல்யாணியைப் பற்றிச் சிலருக்கு மனத்தடை உண்டு. சுடுகாட்டு மல்லி என்று ஒரு பெயர் அதற்கு ஏற்பட்டுவிட்டதே அதன் குற்றம். வறண்ட மண்ணில், எவரும் நீர் ஊற்றாத இடத்தில், நித்தமும் பூக்கும் அதன் குணத்தால்தான் இடுகாடுகளில் அது நிலைத்தது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடியிலிருந்தே, 1950களின் பிற்பகுதி தொட்டு, இரத்தப் புற்றுநோய் முதலியவற்றுக்கு மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. பெயரை வைத்து இதை வெறுப்போர், அம்மருந்தால் பிழைத்த குழந்தைகளையும் நினைத்துப் பார்க்கலாம். எனினும் வீட்டில் எவரும் அதன் இலையைக் கைமருந்தாக அரைத்துக் குடித்தல் ஆகாது; அது நஞ்சுடையது.

நஞ்சு என்று கூறியதும், நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மற்றொரு குடியிருப்பில், அங்கத்தினர் குடும்பங்களுக்கு வீட்டுத் தோட்டம் குறித்து நாம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தோம். அதில் முதற் செடியாக அரளியைக் குறித்திருந்தோம். நியாயம் இருந்தது. அரளி ஆண்டு முழுதும் பூக்கும். கோடையில் இன்னும் மிகுதியாகப் பூக்கும். தண்ணீர்ப் பஞ்சத்தைத் தாங்கும். மாலை கட்டுவோர் வாங்கிக்கொள்வர். சேலம் மாவட்டத்தில் அதை வயலிலேயே சாகுபடி செய்து பிழைப்போர் உளர். எத்தனை மாதம் பூக்கும் என்ற ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்டோம். அவ்வீடுகளில் வேறு யார் வாழ்கிறார்கள் என்று கேட்கவில்லை.

அங்கத்தினர் ஒருவர் ஓங்கி வளர்ந்த தம் அரளியைக் கழித்து, கிளைகளை வேலிக்கு அப்பால் போட்டுவிட்டார். பச்சையாக இருக்கும்போது கசப்பால் ஆடுமாடுகள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆனால் வாடி உலர்ந்த இலையை வேற்றுமை தெரியாமல் தின்றுவிடும். உலர்ந்தாலும் நஞ்சு குறைவதில்லை. பக்கத்து வீட்டில் தார் சுற்றிப் பிழைக்கும் மூதாட்டியின் ஆடு அதைத் தின்றது. சீட்டுப் பணத்தில் வாங்கிய சினையாடு. விடியுமுன் இறந்தது. மறுமுறை நாம் அங்குச் சென்றபோது அம்மூதாட்டி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பட்டியலில் எழுதியிருந்ததாமே, சாமி" என்று மட்டும் கூறினார். அச்சொல்லுக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

ஆகையால் இன்று நாம் கூறுவது: ஆடு, மாடு, தவழும் குழந்தை உள்ள வீட்டில் அரளி வேண்டா. பொன்னரளியும் வேண்டா, அதன் விதை அதைவிடக் கொடிது. முன்னரே நின்றால், கழித்த கிளையைக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். அடுப்பில் வைத்தலும் கூடாது. அதன் புகையும் தீங்கு செய்யும். பயிர்த்தொழில் அங்கத்தினர் தோட்ட ஓரத்தில் அரளி வளர்ப்பதாயின், மேய்ச்சல் பாதையை விட்டு விலக்கி வளர்ப்பார்களாக.

அரளியின் இடத்தில் எதை நடுவது? செம்பருத்தியை. ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான் நிற்கும். ஆனால் நாளும் பூக்கும். புதுத் துளிரிலேயே மொட்டு வருவதால், ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு கழித்துவிட்டால் முன்னிலும் மிகுதியாகப் பூக்கும். கழித்த தழையை ஆடு விரும்பித் தின்னும்; அதனால் கேடில்லை. இதன் தொல்லை மாவுப்பூச்சி. நுனிக் கிளையில் வெண்பஞ்சு போலத் தோன்றியவுடனேயே அந்நுனியை ஒடித்து அழித்துவிட வேண்டும். எறும்புச் சாரை செடியில் ஏறுவதே பூச்சி வந்ததற்கு முதல் அறிகுறி. கோடையில் மொட்டு உதிருமாயின், பெரும்பாலும் அது நீர் போதாமையே.

மல்லிகைப் பிரியர்கள் நம்மீது வருந்த வேண்டா. அவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரே இனத்தில் மூன்று செடி வைப்பதற்குப் பதிலாக, குண்டுமல்லி ஒன்று, முல்லை ஒன்று, ஜாதிமல்லி ஒன்று என வைத்தல். குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில் தரையிலிருந்து ஒன்றரையடி விட்டுக் கவாத்துச் செய்வர். ஜாதிமல்லியை மார்கழியிலும், முல்லையைத் தை மாதத்திலும். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் துளிர்ப்பதால் பருவம் நீளும். மல்லிகைக்கு நிழல் ஆகாது. மரத்தடியில் வைத்துவிட்டுப் பூவில்லை என்று வருந்துவோரை நாம் ஊர்தோறும் காண்கிறோம்.

நெசவாளர் இல்லங்களுக்கே உரிய சில செய்திகளும் உண்டு. குழித்தறி உள்ள அறையின் புறச்சுவரை ஒட்டிப் பாத்தி கட்டலாகாது. நாளும் ஊற்றும் நீர் கசிந்து குழியில் ஈரம் ஏறும். தறியும் கெடும், நெய்பவரின் காலும் கெடும். பாவு நீட்டும் தெருவோரத்திலும் பாவடியிலும் காகிதப்பூ வேண்டா. வறட்சியில் மாதக் கணக்கில் நிறம் காட்டும் செடிதான் அது. ஆயினும் அதன் முள் ஒன்று இழையில் மாட்டினால் அன்றைய காலைப் பொழுது முழுதும் அறுந்த இழை முடிவதிலேயே போய்விடும். சாயம் போட்ட கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவோரையும் கண்டிருக்கிறோம். அதிலுள்ள உப்பு, மண்ணைச் சிறிது சிறிதாகப் பாழாக்கும். அரிசி கழுவிய நீரே சாலும்.

பவளமல்லியை மட்டும் நம் விதிக்கு விலக்காக ஏற்கிறோம். மழைக்காலத்தை ஒட்டிச் சில மாதமே பூக்கும் மரம் அது. ஆனால் அதன் செந்நிறக் காம்பிலிருந்து முன்னோர் பட்டுக்குச் சாயம் எடுத்தனர். பட்டு நெய்யும் குடும்பத்தின் வாசலில் அது நிற்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. விடியலில் உதிரும் பூவைப் பொறுக்கக் குழந்தைகளுக்கு வேலையும் ஆயிற்று.

எச்செடியாயினும், பூத்து முடிந்த கதிரையும் காயையும் அவ்வப்போது கிள்ளிவிடுதல் வேண்டும். விதை கட்டுவதில் சத்தைச் செலவிடும் செடி, அடுத்த பூவுக்கு விரைவதில்லை. எருவையும் அளவோடு இடுக. தழைச்சத்து மிகுந்தால் செடி இலையாகவே செழிக்கும். முன்னர்க் கூறிய தொட்டிச் செடிக்காரர் வாரந்தோறும் யூரியா தூவி வந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அம்மூதாட்டியின் வீட்டுக்கு அண்மையில் மீண்டும் சென்றிருந்தோம். சங்கத்து அங்கத்தினர் சிலர் சேர்ந்து வாங்கிக் கொடுத்த குட்டி இப்பொழுது வளர்ந்துவிட்டது. வேலியோரத்தில் அரளி நின்ற இடத்தில் செம்பருத்தி நிற்கிறது. அவர் கழித்த தழையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஆட்டை மறு கையால் தடுத்தபடி, "இதைக் கொடுக்கலாம் அல்லவா, சாமி?" என்று வினவினார். கொடுக்கலாம் என்றோம். இருப்பினும் அவர், பக்கத்து வீட்டுக்காரரையும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.