வெப்பமும் வெப்பநிலையும்: கொதிநீர் உதாரணம் பற்றிய ஒரு குறிப்பு

அளவு மாற்றம் ஒரு கட்டத்திற் பண்பு மாற்றமாகிறது என்ற இயக்கவியற் கோட்பாட்டை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் கொதிக்கும் நீரையே துணைக்கு அழைப்பர். நீரின் வெப்பம் படிப்படியாக ஏறுகிறது. 100 பாகையை எட்டியதும் அது சடுதியாக ஆவியாகிவிடுகிறது என்பர். மேடையிலும் ஏட்டிலும் பழகிப்போன இவ்வுதாரணத்திற் கோட்பாடு எவ்வாறாயினும், பௌதிகம் பிழைத்துவிடுகிறது. வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றெனக் கொள்வதே இதற்குக் காரணம். பேச்சுவழக்கில் ‘சூடு’ என்ற ஒரு சொல்லே இரண்டிற்கும் போதுமானதாயிருப்பதால் இம்மயக்கம் எளிதில் நேர்கிறது. ஆயின் இது தமிழுக்கு மட்டுமுரிய குறையன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய அறிஞரும் இவ்விரண்டையும் தெளிவுறப் பிரித்தறிந்தாரல்லர்.

இத்தனைக்கும் கருவி அவர்கள் கையில் இருந்தது. பரனைற்று என்பார் 1714இல் நம்பத்தகுந்த இரச வெப்பமானியை ஆக்கியிருந்தார். கருவி முந்தியது, அக்கருவி அளப்பது எதனை என்ற தெளிவு பிந்தியது. அத்தெளிவை ஏற்படுத்தியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் கற்பித்த ஜோசப் பிளாக். சம கனவளவுடைய நீரையும் இரசத்தையும் கலந்து பெறப்பட்ட ஒரு பழைய முடிவை அவர் மீண்டும் ஆராய்ந்தார். பரனைற்று அளவையில் நீர் 100 பாகையிலும் இரசம் 150 பாகையிலும் இருப்பின், கலவை இரண்டிற்கும் நடுவான 125 பாகையில் நிற்கவேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அது 120 பாகையில் நிற்கிறது. இரசம் 30 பாகை இழக்க, நீர் 20 பாகை மட்டுமே பெறுகிறது. இரசமோ நீரிலும் பதின்மூன்று மடங்கிற்கு மேல் அடர்த்தியானது. எனவே வெப்பத்தை ஏற்கும் ஆற்றல் பொருளின் நிறையையோ கனவளவையோ மட்டும் பொறுத்ததன்று. ஒவ்வொரு பதார்த்தத்திற்கும் தனக்கெனவோர் ஆற்றலுண்டு எனப் பிளாக் கண்டார். கொடுக்கப்பட்ட வெப்பத்தின் அளவு வேறு, அதனால் விளையும் பாகை உயர்வு வேறு என்பது இங்கே புலனாயிற்று.

1760களின் தொடக்கத்தில் அவர் நிகழ்த்திய மற்றொரு பரிசோதனை இன்னும் முக்கியமானது. ஒத்த இரு கண்ணாடிக் குடுவைகளுள் ஒன்றில் உறைநிலையை அண்டிய நீரும், மற்றதில் அதே நிறையுள்ள பனிக்கட்டியும் ஒரு பெரிய மண்டபத்தில் வைக்கப்பட்டன. நீர் 33 பாகையிலிருந்து 40 பாகைக்கு, அதாவது 7 பாகை உயர அரைமணி நேரம் சென்றது. பனிக்கட்டி உருகி அதே 40 பாகையை அடையப் பத்தரை மணி நேரம், அதாவது இருபத்தொரு அரைமணி நேரம் சென்றது. மண்டபத்தின் காற்று இரு குடுவைகளுக்கும் ஏறக்குறைய ஒரே வீதத்தில் வெப்பத்தை வழங்கிக்கொண்டிருந்தது. பனிக்கட்டி பெற்றதிற் பெரும்பகுதி வெப்பமானியிற் சற்றும் தோன்றவில்லை. பிளாக் அதனை மறைவெப்பம் என்றார். கையில் ஒரு வெப்பமானியும் மணிக்கூடும் இருந்தால் நமது பாடசாலைகளிலும் செய்துபார்க்கக்கூடிய இவ்வெளிய பரிசோதனை, பெரும்பாலும் வெறும் வரைவிலக்கணமாகவே மனனம் செய்யப்படுவது வருந்தத்தக்கது.

பிளாக் இவற்றை நூலாக வெளியிட்டாரல்லர். அவர் 1799இல் இறந்தபின், 1803இலேயே அவருடைய விரிவுரைகள் அச்சேறின. ஆனால் அதே பல்கலைக்கழகத்திற் கருவி செய்பவராயிருந்த ஜேம்ஸ் வாற், நியூகொமன் பொறியின் மாதிரியொன்றைப் பழுதுபார்க்கும் வேளை இதே புதிரைத் தாமாகவே எதிர்கொண்டார். நீராக ஒடுங்கும் கொதிநீராவி, தன் நிறையைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் கண்டு வியந்தார். பிளாக்கிடமிருந்து விளக்கம் பெற்றார். அவர் 1769இற் காப்புரிமை பெற்ற தனி ஒடுக்கிக்கு, வெப்பம் எங்கே வீணாகிறது என்ற இக்கணக்கும் துணைநின்றது. தொழிற் பட்டறையும் விரிவுரை மண்டபமும் ஒரே வினாவில் வந்து சந்தித்தமை தற்செயலன்று என்றே கருதுகிறோம்.

இன்றைய பௌதிகம் இவ்வேறுபாட்டை மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கொண்டு விளக்கும். வெப்பநிலை மூலக்கூறுகளின் சராசரி இயக்கச் சக்தியைக் காட்டுவது. இரு பொருள்கள் தொடுகையுறும்போது சக்தி எத்திசையிற் செல்லும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. வெப்பமோ வெப்பநிலை வேறுபாடு காரணமாக ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் சக்தி. ஆகவே ஒரு பொருளில் வெப்பம் ‘இருக்கிறது’ என்பதுகூடக் கண்டிப்பாகப் பார்த்தாற் சரியன்று, இருப்பது அகச்சக்தி. கொல்லன் பட்டறையிற் பறக்கும் பொறியின் வெப்பநிலை பல நூறு பாகை. எனினும் கையிற் பட்டால் அது தரும் வெப்பம் அற்பம். ஒரு குடம் வெந்நீர் அப்பொறியைவிட எத்தனையோ மடங்கு வெப்பத்தை வெளிவிடவல்லது.

இனிக் கொதிநீருக்கு வருவோம். செல்சியசு அளவையில் 0 பாகையிலுள்ள ஒரு கிராம் நீர் 100 பாகையை எட்ட ஏறக்குறைய 100 கலோரி வேண்டும். அந்நீர் முழுவதும் அதே 100 பாகையிலுள்ள ஆவியாக இன்னும் 540 கலோரி வேண்டும். அடுப்பு ஒரே சீராக எரிந்து, வெப்பம் வெளியே வீணாகாதிருப்பின், முதற் கட்டம் பத்து நிமிடத்தில் முடியுமெனில் இரண்டாவது ஐம்பத்துநான்கு நிமிடம் நீடிக்கும். அந்நேரம் முழுவதும் வெப்பமானி அசையாது. உட்செல்லும் சக்தி மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டாது, அவற்றின் பிணைப்பைத் தளர்த்திப் பிரிப்பதிலேயே பெரிதும் செலவாகிறது. எனவே 100 பாகையில் எல்லாம் ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடுகிறது என்ற சித்திரம் தவறு. அக்கட்டத்தில் நின்றுவிடுவது வெப்பநிலையின் ஏற்றம். தொடர்வது வெப்பத்தின் வரவு. அந்த 100 பாகையும் அமுக்கத்தைப் பொறுத்ததே; நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிற் கொதிக்கும். (கொடியில் இட்ட ஈரச்சேலை எப்பாகையிலும் உலர்வது வேறொரு கதை.)

உதாரணத்தைக் கைவிடவேண்டுமென நாம் கூறவில்லை. கைவிடவேண்டியது ‘சடுதியாக’ என்ற சொல்லையே. இக்குறையை ஏங்கல்ஸ் மீது சுமத்துவதும் பொருந்தாது. 1878இல் நூலாக வெளிவந்த ‘டூரிங்குக்கு மறுப்பு’ என்பதில் அவர் கொதிநிலையையும் உறைநிலையையும் எடுத்துக்காட்டும்போது, வழக்கமான அமுக்கம் என்ற நிபந்தனையையும் சேர்த்தே கூறுகிறார். அதே நூலின் வேறோர் அத்தியாயத்தில், உறைநிலையிலுள்ள பனிக்கட்டி அதே வெப்பநிலையுள்ள நீராகும்போது ‘மறையும்’ வெப்பத்தைக் கணக்கிட்டும் காட்டுகிறார். அவ்வெப்பம் அதே நிறையுள்ள நீரை 0 பாகையிலிருந்து 79.4 பாகைக்கு உயர்த்தப் போதுமானது என்பது அவர் தந்த கணக்கு. இன்றைய அளவீடு ஏறத்தாழ 80 பாகை.