வெங்காயம் தேய்த்த கல்

தோசைக்கல் காய்ந்ததும் மாவை ஊற்றிவிட முடியாது. பாதியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு, கல் முழுக்க ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். சோம்பல்பட்டால் முதல் தோசை ஒட்டிக்கொண்டு கருகும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெங்காயம் தோசைக்குள் போவதில்லை. கல்லின் மேற்பரப்பை மட்டும் மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயுவை ஆல்கஹாலாக்கும் உலையிலும் இப்படியொரு தேய்ப்பு உண்டு. வாயுதான் மாவு, வினையூக்கிதான் கல். வெங்காயத்தின் இடத்தில் இருக்கும் பொருளுக்கு உயர்த்தி என்று பெயர். ஆய்வகங்களில் புரமோட்டர் என்பார்கள்.

மாலிப்டினம் சல்பைடு என்ற வினையூக்கியை எடுத்துக்கொள்வோம். 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், உயர் அழுத்தத்தில், தொகுப்பு வாயுவை வெறும் சல்பைடின்மேல் செலுத்தினால் பெரும்பாலும் மீத்தேன்தான் கிடைக்கும். அது சாண எரிவாயுக் கலனிலேயே கிடைக்கிறதே, அதற்கா இவ்வளவு பாடு! 1980-களில் டவ் கெமிக்கல், யூனியன் கார்பைடு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இதே சல்பைடோடு பொட்டாசியம் உப்பைச் சேர்த்துப் பார்த்தன. மீத்தேன் குறைந்தது, மெத்தனால், எத்தனால், புரொப்பனால் என்று ஆல்கஹால்கள் முன்னுக்கு வந்தன.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மீத்தைல் துண்டு ஒன்று மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் திரியும் ஹைட்ரஜன் அணு ஓடிவந்து சேர்ந்துகொண்டால், அது மீத்தேனாகிப் பறந்துவிடும். அதற்குள் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒன்று உடையாமல் முழுசாக உள்ளே நுழைந்துவிட்டால், அதன் ஆக்சிஜனும் கூடவே வந்துவிடுகிறது. பிறகு ஹைட்ரஜன் ஏற ஏற எத்தனால். ஹைட்ரஜனின் அவசரத்தைப் பொட்டாசியம் தணிக்கிறது. கார்பன் மோனாக்சைடு நுழைய அவகாசம் கிடைக்கிறது. எனக்கு 'உயர்த்தி' என்ற சொல் இடறுவது இங்கேதான். ஒன்றை அடக்கி வைப்பதுதான் இதன் பெரிய வேலை.

கோபால்ட்டையும் சேர்த்தால் எத்தனாலின் பங்கு கூடி, மெத்தனாலின் பங்கு குறையும்.

அளவுதான் கைப்பக்குவம். எண்ணெய் கூடிப்போனால் மாவு கல்லில் பிடிக்காமல் கரண்டியோடு சுற்றிச் சுற்றி வரும். பொட்டாசியம் கூடிப்போனால் வினை நடக்கும் இடங்களையே மூடிவிடும், வேகம் படுத்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் தோசைக்கல் உவமை கைகொடுக்காது. வெங்காயத்தை நாலு தோசைக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும்; பொட்டாசியத்தை வினையூக்கி தயாரிக்கும்போதே கலந்துவிடுகிறார்கள். சல்பைடிலிருந்து நழுவிப்போவது கந்தகம்தான். அதை ஈடுகட்ட, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை வாயுவோடு கொஞ்சம் கலந்து விடுவார்கள். மெத்தனால் ஆலைகளின் செம்பு வினையூக்கிக்கு அதே கந்தகம் நஞ்சு.