பெரியப்பாவோடு விசாகப்பட்டினம் வரை

நம் ஈசா டவுனிலிருந்து ஜுஃபேருக்குக் காரில் போக அதிக நேரம் ஆகாது. அங்கே நீளமான மதிலுக்குப் பின்னால் அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாவது கப்பற்படைத் தலைமையகம் இருக்கிறது. 1935 முதல் 1971 வரை அந்த இடம் பிரிட்டிஷ் கடற்படையின் தளம். வாரந்தோறும் அந்த மதிலைக் கடந்து போகிறோம். உள்ளே இருப்பவர்கள் மனதில் எதைச் சுமக்கிறார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. நம் சொந்த வீட்டில் படையில் இருந்து ஓய்வுபெற்ற தாத்தாவோ மாமாவோ இருந்தால், அவர்களிடமும் கேட்பதில்லை.

இந்தியாவில் அப்படிப்பட்ட கடற்படை ஊர் விசாகப்பட்டினம். கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமையகம் 1968 முதல் அங்கே இயங்குகிறது. நாசரேத்தைச் சேர்ந்த என் பெரியப்பா பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்து, கப்பலின் எஞ்சின் அறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். பென்ஷன் வாங்கி வந்த பிறகு அந்த ஊரை அவர் பார்க்கவே இல்லை. கடந்த ஜனவரியில் நான் விடுமுறைக்குப் போனபோது, "ஒரு தடவை கூட்டிட்டுப் போறியாம்மா?" என்று கேட்டார். அண்ணன் கார் ஓட்ட, சென்னையிலிருந்து கிளம்பினோம்.

நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, ராஜமுந்திரி வழியாக ஏறக்குறைய 800 கிலோமீட்டர். எழுபது வயதைத் தாண்டியவரை, அதுவும் சர்க்கரை நோயாளியை, அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் கொண்டுபோகக் கூடாது. இரண்டு நாளாகப் பிரித்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி அவரை நடக்க வைத்தேன். நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கால் வீங்கும், ரத்தம் உறையவும் வாய்ப்பு உண்டு. இன்சுலினைக் குளிர்ப்பையில் வைத்து என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் அது கெட்டுவிடும். ஊருக்குப் போகும்போது நீங்களும் இதை நினைவில் வையுங்கள்.

ராமகிருஷ்ணா கடற்கரையில் 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள். 1969இல் சோவியத் யூனியனிலிருந்து வாங்கப்பட்டு, 2001 வரை சேவை செய்து, 2002இல் அருங்காட்சியகமான கப்பல் அது. நீளம் 91 மீட்டர். உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். வட்டமான வாசல்களில் குனிந்து நுழைய நாங்கள் தடுமாறினோம். பெரியப்பா காலை முதலில் போட்டு, தலையைப் பிறகு நுழைத்து, சுலபமாகப் போய்விட்டார். டீசல் எஞ்சின் அருகே வெகுநேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

அதே கடற்கரையில் 1971 போரின் வெற்றிச் சின்னம் இருக்கிறது. அங்கே வந்த பிறகுதான் பேசினார்.

1971 டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவில் அவர் இந்த ஊரில் கரைப்பணியில் இருந்தார். கடல் பக்கமிருந்து பெரிய வெடிச்சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நம் விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' அங்கே இருக்கிறது என்று நம்பி, அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் 'காஸி' அந்த இரவில் மூழ்கியது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் இருந்தது. நம் 'ராஜ்புத்' கப்பல் போட்ட குண்டுகளால் காஸி மூழ்கியது என்பது இந்தியாவின் கூற்று. உள்ளேயே ஏற்பட்ட வெடிவிபத்து அல்லது அது வைத்த கண்ணிவெடியே காரணம் என்பது பாகிஸ்தானின் கூற்று. அதில் இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆறு நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, பாகிஸ்தானின் 'ஹாங்கோர்' நீர்மூழ்கி நம் 'குக்ரி' கப்பலை டையூ அருகே மூழ்கடித்தது. நம்மவர்கள் 194 பேர் இறந்தார்கள்.

"காஸி போச்சுன்னு கேட்டதும் நாங்க எல்லாரும் கைதட்டினோம். அதுக்குள்ளயும் என்னை மாதிரி எஞ்சின் ரூம் பயலுவ இருந்திருப்பானுவல்லாம்மா?" என்றார். இந்தக் கேள்வியை ஐம்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் அவர் சொன்னதில்லை. பெரியம்மாவிடம்கூட.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் குக்ரியில் இறந்தவர்களின் வீட்டாருக்காக ஜெபித்தார். பிறகு காஸியில் இறந்தவர்களின் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டார். காஸி இன்னும் விசாகப்பட்டினத்துக் கடலடியில்தான் கிடக்கிறது. 2024இல் நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக்கலம் அதைக் கண்டது என்றும், இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டார்கள் என்றும் செய்தி வந்தது.

பஹ்ரைனில் நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. இரவுப் பணியில் எழுந்திருக்க முடியாத நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, ஒரு பக்கம் நான் பிடிப்பேன். மறுபக்கம் பிடிப்பவர் கராச்சிக்காரர். நம் டாக்சி ஓட்டுநர், மளிகைக் கடைக்காரர், பக்கத்து பிளாட் குடும்பம் என்று பாகிஸ்தானியர் நம் அன்றாட வாழ்க்கையில் இருக்கிறார்கள். கிரிக்கெட் நாளிலும் எல்லைச் சண்டைச் செய்தி வரும் நாளிலும் வாட்ஸ்ஆப்பில் கைதட்டும் முன், எதிர்ப்பக்கத்திலும் ஒரு எஞ்சின் ரூம் பையன் இருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். நாட்டை நேசிப்பதற்கு அது தடை இல்லை. பெரியப்பா இன்றும் குடியரசு தினத்தன்று பதக்கத்தைத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொள்கிறவர்தான்.

தம்பி தங்கைகளே, ஜூலையில் ஊருக்குப் போகிறீர்கள். படையில் இருந்த பெரியவர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்காதீர்கள். "எந்த ஊரில் இருந்தீங்க? யாரோடு சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். முடிந்தால் அந்த ஊருக்கே கூட்டிப் போங்கள். அவர் பேசும்போது இடையில் புகாதீர்கள். பேசாமல் நின்றால், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.